தூசிக்குள் ஒளியும் நட்சத்திரம்

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வெப்பக் கேமரா புதிதல்ல. மின் இணைப்பு ஒன்று தளர்ந்து சூடேறினால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேமராத் திரையிலோ அந்த ஒரு முடிச்சு மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். அந்தக் கேமரா பிடிப்பது அகச்சிவப்புக் கதிரை. சாகப்போகும் நட்சத்திரங்களைப் படமெடுக்கவும் அதுதான் கைகொடுக்கிறது.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீரும் காலத்தில் ஊதிப் பெருத்து, சிவந்து, துடிக்கத் தொடங்கும். மேலடுக்கு வாயு வெளியேறிக் குளிர்ந்து தூசியாகும். அந்தத் தூசியே நட்சத்திரத்தை மறைக்கும். சாதாரண ஒளி தூசியில் சிக்கிக்கொள்ள, அலைநீளம் கூடிய அகச்சிவப்பு தப்பி வந்துவிடும். சூடேறிய தூசியும் தன் பங்குக்கு அகச்சிவப்பில் ஒளிரும்.

இப்படித் துடிக்கும் நட்சத்திரம் ஒன்றைச் சென்னையிலிருந்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1867-இல் நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்ட ‘ஆர் ரெட்டிகுலி’தான் அது. இங்கே தெற்குத் தொடுவானத்திலிருந்து 14 பாகை உயரத்தைக்கூட அது ஒழுங்காகத் தாண்டாது. ஏறத்தாழ 278 நாளுக்கு ஒருமுறை ஆயிரம் மடங்கு வரை மங்கி மீளும். அகச்சிவப்பில் பார்த்தால் அவ்வளவு மங்காது. அப்படிப் பார்க்கும் கருவிதான் அவரிடம் இல்லை.

இன்று கருவி இருந்தாலும் கடற்கரையில் உதவாது. காற்றின் ஈரம் அகச்சிவப்பை விழுங்கும். வெதுவெதுப்பான காற்றும் தொலைநோக்கியும் தாங்களே அதை உமிழ்ந்து படத்தைக் கெடுக்கும். அதனால்தான் நம் சந்திரா தொலைநோக்கி லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இன்னும் தள்ளி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். அதன் ‘மிரி’ என்ற அகச்சிவப்புக் கருவியைச் சுமார் மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறார்கள்.

2022 ஜூலை 12 அன்று வெப்பின் முதல் படங்களில் ஒன்றாக, சாகும் நட்சத்திரம் கக்கிய வாயு மேகமான தெற்கு வளைய நெபுலா வெளியானது. அதன் நடுவில் பிரகாசமாகத் தெரிவது துணை நட்சத்திரம்தான். வாயுவைக் கக்கியது பக்கத்திலுள்ள மங்கல் நட்சத்திரம். மிரி படத்தில் அது தூசி போர்த்திச் சிவப்பாகத் தெரிந்தது. நிறங்கள் விஞ்ஞானிகள் கொடுத்தவை, கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு வேறென்ன நிறம் கொடுப்பது!

ஏப்ரலில் இரவு ஒன்பது மணிவாக்கில் இந்த நெபுலா சென்னையின் தென்வானில் 37 பாகை உயரத்தில் நிற்கும். ஆறு அங்குலத் தொலைநோக்கி போதும். பழவேற்காட்டுக்குப் போகாதீர்கள், அங்கிருந்து தெற்கே பார்த்தால் எண்ணூர் விளக்குகள்தான் தெரியும். மாமல்லபுரம் தாண்டிப் போங்கள்.