பட்டறை உரிமையாளரும் சிலிக்கோசிஸ் நோயும்

மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றைச் செதுக்குபவரின் நுரையீரலுக்கு என்ன காப்பு உண்டு என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் எனும் படிகச் சிலிக்கா நுண்துகளாகி நுரையீரலின் அடியாழத்தில் தங்கி, திசுவைத் தழும்பேற்றி இறுகச் செய்வதே சிலிக்கோசிஸ். உளிக்குச் சில்லாகத் தெறித்த கல், கிரைண்டரின் தகடு நீரின்றிச் சுழலும்போது மாவாகப் பறந்து புருவத்திலும் இமையிலும் வெள்ளையாகப் படிகிறது; துடைத்தெறியக்கூடிய அந்த வெள்ளையைவிடக் கண்ணுக்குத் தெரியாத துகளே கொடியது.

இருமல், மூச்சிரைப்பு, எடைக்குறைவு ஆகிய அறிகுறிகள் காசநோயை ஒத்திருப்பதாலும், சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றுவதாலும், நோயாளி தம் தொழிலைச் சொல்லாதவரை உண்மைக் காரணம் மறைந்தே போகலாம். எனவே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1928-இல் தோன்றிய தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ செல்பவர் எத்தனை ஆண்டு கல்தூசியில் வேலை செய்தார் என்பதைச் சீட்டில் எழுதச் செய்வது அவசியம். சிலிக்கோசிஸை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் அது முற்றக்கூடும்.

இந்நோய்க்கு இழப்பீடு கேட்பதில்தான் சட்டத்தின் ஓட்டை இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோயாக ஏற்று, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் தொடர்ந்து ஏற்கும் இந்நோய்க்குக் கூலியாள் தம் முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். அதே கொட்டகையில் அதே தூசியைச் சுவாசிக்கும் சிறு பட்டறைக்காரர், தமக்குத் தாமே முதலாளி என்பதால், யாரிடமும் கேட்க முடியாததோடு, தம் ஆட்கள் நோயுற்றால் பதில் சொல்ல வேண்டியவராகவும் ஆகிறார். உழைப்பவரையும் உடைமையாளரையும் இருவேறு ஆட்களாகக் கருதி எழுதிய சட்டம் இவரைக் காணவில்லை.

இருக்கும் வழிகள் சிதறிக் கிடக்கின்றன. சுயதொழில் செய்வோரும் 60 வயதுக்குள் கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நோயால் வேலை தடைப்பட்டுத் தொழில்கடனின் தவணை தவறும் நிலை வருமுன்பே வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்துக் கடனை மறுசீரமைக்கக் கோர 2016-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறை இடமளிக்கிறது. சிலையை வாங்கிய நிறுவனம், ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் வட்டியோடு வசூலிக்க அச்சட்டத்தின்கீழ் அமைந்த வசதியாக்கக் குழுவை நாடலாம். இதற்கு உதவும், குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை உடல் நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, எந்தத் தரகருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.