ஈப்பொறிச் செடியின் பூந்தண்டு

உயிர்களை அறிவின் வரிசையால் வகுத்த தொல்காப்பியர், புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவையே உரியதாக்கினார். அவ்வோரறிவு மெய்யால் தீண்டி உணரும் ஊற்றறிவாகும். மரபியலைக் கற்பிக்குந்தோறும், தொட்டாற்சுருங்கியையன்றி வேறு எச்செடி தீண்டலை உணர்கின்றது என்று வினவும் மாணவர் உளர். அவர்க்கு யான் காட்டும் சான்றுகளுள் தலையாயது வீனஸ் ஈப்பொறி என்னும் செடி. நூலைத் திறந்து வைத்தாற்போன்ற அதன் இலைக்கண்ணியின் இரு மடல்களிலும் மும்மூன்று மெல்லிய மயிர்கள் நிற்கின்றன. மயிரை ஒருமுறை தீண்டினாற் கண்ணி மூடாது. ஏறத்தாழ இருபது நொடிக்குள் மறுமுறையும் தீண்டல் நிகழ்ந்தாலே மூடும். நலமான செடியில் அம்மூடல் ஒரு நொடியின் பத்திலொரு கூறளவில் முடிந்துவிடும். காற்றால் விழுந்த துரும்பையும், உயிரோடு ஊரும் எறும்பையும் வேறு பிரித்தறிய ஓரறிவுயிர் கைக்கொண்ட கணக்கு இது!

இச்செடியின் தாயகம் வட, தென் கரோலினா மாநிலங்களில் வில்மிங்டன் நகரைச் சூழ்ந்த சிறு பரப்பு மட்டுமே. வட கரோலினாவின் ஆளுநராயிருந்த ஆர்தர் டொப்ஸ் 1759ஆம் ஆண்டில் இதனைக் கடிதமொன்றிற் குறித்தார். 1768இல் ஜோன் எல்லிஸ் என்பார் இதற்கு டயோனியா என்னும் அறிவியற் பெயரைச் சூட்டினார். சார்ள்ஸ் டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி எழுதிய தனிநூலில் இதற்குச் சிறப்பிடம் அளித்தார். அது வாழும் சதுப்பு மணலில் நைதரசனும் பொசுபரசும் மிக அருகியே உள. வேருக்குக் கிட்டாததை இலை வேட்டையாடிப் பெறுகின்றது.

அண்மைக் காலத்தில் இச்செடி நம் இல்லங்களிலும் சட்டிகளில் இடம்பெறத் தொடங்கியுள்ளது. கொழும்பிலிருந்து அத்தகைய செடியொன்றை வாங்கி வந்த என் மாணவர் ஒருவர், அதன் நடுவிலிருந்து தண்டொன்று எழுவதைக் கண்டு மகிழ்ந்தார். அதைக் கிள்ளிவிடுமாறு யாரோ அவருக்குக் கூறினராம். "பூக்கப் போற செடியக் கிள்ளுறது பாவமில்லையா, சேர்?" என்று என்னிடம் கேட்டார். அவ்வினாவுக்கு விடையளிக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் அத்தண்டின் இயல்பை அறிதல் வேண்டும். பூச்சியைத் தின்னும் இச்செடிக்குத் தன் இனம் பெருகவும் பூச்சியே வேண்டும். மகரந்தம் சுமந்துவரும் தூதனையே உண்டுவிட்டால் வழித்தோன்றல் ஏது? இதற்கு விடைதரும் ஆய்வொன்றை அமெரிக்க ஆய்வாளர் 2018இல் வெளியிட்டனர். சிறு தேனீ ஒன்றும் வண்டினங்கள் இரண்டுமே மகரந்தத்தை மிகுதியாகச் சுமந்தன. அம்மூன்றில் ஒன்றேனும் கண்ணிகளுக்குள் இரையாகக் காணப்படவில்லை. மலரை நாடியவை பெரும்பாலும் பறப்பன. இரையானவையோ எறும்பும் சிலந்தியும் போலப் பெரும்பாலும் ஊர்வன. கண்ணிகள் நிலத்தோடு படிந்திருக்க, மலர்கள் ஒரு சாண் உயரத்திலும் அதற்கு மேலும் தண்டின் நுனியில் நிற்பது இவ்வேற்றுமைக்கு ஒரு காரணமாகலாம் என்பது அவர் கருத்து. விருந்தினரை மேல்மாடத்தில் வரவேற்றுவிட்டு, அடுக்களையைக் கீழே வைத்துக்கொண்ட இல்லம் போன்றது இச்செடி.

ஆயின், அம்மாடத்தை எழுப்ப ஆகும் செலவு பெரிது. இதனை உணர நம் நாட்டுச் செடியொன்றோடு ஒப்பிடல் நன்று. இலங்கையின் தாழ்நிலத்து ஈரமணல் வெளிகளில் துரோசெரா பர்மன்னி என்னும் பூச்சியுண்ணும் பூண்டு வளர்கின்றது. அழுகண்ணி என்னும் பெயரையும் இதற்கு வழங்குவர். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட ஒல்லாந்தர் யொஹான்னஸ் பர்மன் நினைவாக அமைந்தது இதன் அறிவியற் பெயர். ஒரு காசளவான செந்நிற இலைவட்டத்தின் நடுவிலிருந்து இதுவும் நெடிய பூந்தண்டை விடும். ஆனால், இதன் வாழ்வு குறுகியது. தன் முதல் முழுவதையும் விதையில் இட்டு மாய்ந்துபோவதே இதன் முறை. ஈப்பொறியோ பல்லாண்டு வாழ்வது. நிலத்தடியே வெண்ணிறக் கிழங்கில் உணவைச் சேமித்து, குளிர்காலத்தில் மூன்று நான்கு திங்கள் உறங்கி, இளவேனிலில் விழித்தெழுந்து பூப்பது.

கல்முனைக் கரையில் அக்குளிர் ஏது? மார்கழி மழையிலும் நம் ஊர் இரவு கரோலினாவின் குளிரை எட்டாது. குளிர்நாட்டு வளர்ப்பகத்தில் உறங்கி வந்த செடி, அங்குச் சேர்த்த முதலைக்கொண்டே இங்குத் தண்டு விடுகின்றது. சேமிப்புக் குன்றி, உறக்கமும் இழந்து, பூப்பின் சுமையையும் தாங்கும் செடி புதுக் கண்ணிகளைச் சிறிதாகவே விடும். நலிந்ததாயின் மடிந்தும் போகும். ஆகவே, புதிதாய் வந்த செடியிலும் மெலிந்த செடியிலும் தண்டை இளமையிலேயே நீக்குதல் வேண்டும் என்பதே என் முடிபு.

நீக்குமுன் அது தண்டுதானா என்று தெளிக. புதிய இலை தட்டையாய் எழுந்து, நுனியில் மடிந்த சிறு கண்ணியைக் காட்டும். பூந்தண்டு உருண்டு திரண்டு, நுனியில் மொட்டுத் தலையோடு நேரே நிமிரும். இரண்டு அங்குலம் வளர்ந்தபின் தூய கத்தரியால் அடியோடு ஒட்ட நறுக்குக. நறுக்கிய தண்டை எறிந்துவிட வேண்டா. அதன் அடிப்பகுதியை ஈரமான பாசிமண்ணில் ஊன்றி, மேலே தெளிந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, கடுவெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களிலோ திங்கள்களிலோ அடியிலிருந்து கன்றுகள் முளைப்பதுண்டு. தண்டு கறுத்துவிட்டதென்று விரைந்து கைவிடலாகாது.

செடி பருத்துத் தழைத்து, கண்ணிகள் பல கொண்டிருப்பின் பூக்க விடலாம். பசிய கோடுகள் ஓடும் ஐந்து வெள்ளிதழ்களோடு மலர்கள் ஒவ்வொன்றாய் விரியும். ஒவ்வொரு மலரிலும் மகரந்தம் முதலிற் சிந்தும். சூல்முடி பின்னரே விரிந்து ஏற்கும் பக்குவம் அடையும். ஆதலின், புதுமலரின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, முன்னே விரிந்த மலரின் சூல்முடியில் தடவுக. ஏறத்தாழ ஒரு திங்கள் அல்லது ஒன்றரைத் திங்களில் கரிய பளபளப்பான சிறு விதைகள் முற்றும். அவ்விதை முளைத்து மலரும் பருவம் எய்த மூன்று முதல் ஐந்து ஆண்டு செல்லும்.

தண்டை நீக்கினும் வளர்ப்பினும், செடியின் உயிர் நீரிலும் மண்ணிலும் உள்ளது. நம் கரையோரக் கிணறுகளின் நீரில் உப்பும் சுண்ணமும் கலந்திருப்பதால் அஃது ஆகாது. வாடைக்காற்றுப் பருவத்து மழைநீரைத் தூய கலங்களில் சேமித்துக்கொள்க. சட்டியை ஒரு விரற்கடை நீர் நிற்கும் தட்டில் வைக்க. கடல்மணலும் உரமிட்ட தோட்டமண்ணும் அதற்கு நஞ்சு. பாசிமண்ணோடு உப்பற்ற கழுவிய மணலைச் சேர்ப்பதே தகும். நம்மூரில் மலிந்த தும்புத்தூளைப் பயன்படுத்த விரும்புவோர் உப்பு நீங்கப் பன்முறை அலசிய பின்னரே இடல் வேண்டும். எவ்வகை உரமும் வேண்டா. ஒவ்வொரு கண்ணியும் சில தடவையே மூடித் திறக்க வல்லது. ஆகையால், விரலிட்டு விளையாடுவது செடியின் உணவைப் பறிப்பதாகும். நுவரெலியா போன்ற மலைநாட்டூர்களில் உறவினர் உடையோர் மார்கழி முதல் மாசி வரை செடியை அங்கு அனுப்பி வைப்பின் ஓரளவேனும் உறக்கம் கிட்டும்.

இன்னுமொன்று. காட்டிலிருந்து திருடப்பட்ட செடிகளால் இவ்வினமே அருகி வருகின்றது. வட கரோலினாவில் 2014 முதல் அத்திருட்டு கடுங்குற்றமாக்கப்பட்டுள்ளது. ஆதலால், வளர்ப்பகத்தில் பெருக்கிய செடியையே கேட்டு வாங்குதல் நம் கடன்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் தம் செடியின் தண்டை நறுக்கி, வேறொரு சட்டியில் ஊன்றினார். ஒரு மலரைக் காணும் இன்பத்தைத் தாம் துறந்து, செடிக்கு இன்னோராண்டு வாழ்வை அளிக்க அவர் துணிந்தார். ஓரறிவுயிரின் தேவையை ஆறறிவுடையார் அறிந்து நடத்தற்கு இதனினும் எளிய பயிற்சி வேறில்லை. மாணவர் உலகம் இதனை முயன்று பார்ப்பதாக.