மனத்தை அளக்கும் கருவிக்கும் சுழிப்பிழை உண்டு

ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? கம்பியை உடனே வைத்து அளந்துவிடக் கூடாது. இரு முகங்களையும் ஒன்றுசேர்த்து, சுழிக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் கருவியில் சுழிப்பிழை உண்டு என்று பொருள். அதைத் திருத்தாமல் எத்தனை முறை அளந்தாலும் விடை தவறாகவே வரும். செங்கற்பட்டில் இயற்பியல் கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் இதைச் சொல்லி வருகிறேன். மனத்தை அளக்கும் கருவிக்கும் இது பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்தியவர் ஓர் ஆயா.

மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் என் மாணவி, கணவரை இழந்திருந்த தன் ஆயாவை ஒரு மருத்துவ முகாமுக்கு அழைத்துச் சென்றாள். அங்கிருந்த இளம்பெண் அச்சிட்ட தாளைப் பார்த்து, “ஆயா, உங்களுக்கு மனச்சோர்வு இருக்குதா?” என்று கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார் ஆயா. தாளில் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டது. வீடு திரும்பும் வழியில் ஆயா பேத்தியிடம் சொன்னாராம்: “நெஞ்சுல கல்லு வெச்சா மாதிரி இருக்குது. சோறு எறங்கல. ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினே கெடக்குறேன்.”

“சார், ஆயா பொய் சொல்லல. கேட்டவங்களும் தப்பா எழுதல. அப்போ தப்பு எங்கே?” என்று கேட்டாள் மாணவி. தவறு கருவியில் இருந்தது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

வினாக்களே கருவி

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இரத்தச் சோகைக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வு நோய்க்கோ அத்தகைய பரிசோதனை எதுவும் இல்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆளுக்கு ஆள் வேறு விதமாகக் கேட்டால் ஒப்பிட முடியாது. ஆகவே, அறிஞர்கள் ஒரே விதமான வினாப்பட்டியல்களை உருவாக்கினர். இங்கிலாந்தின் டேவிட் கோல்ட்பெர்க் 1972-இல் பொது நல வினாப்பட்டியலை வெளியிட்டார். மகப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் 1987-இல் வந்தது. அதில் 10 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மருத்துவர் அத்தாயை விரிவாகப் பரிசோதிப்பார்.

இவற்றில் பல ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழருக்குப் பயன்பட வேண்டுமானால் தமிழில் பெயர்க்க வேண்டும். அகராதி ஒன்று போதாதா என்று நீங்கள் கேட்கலாம்.

சொல்லும் பொருளும்

துயரத்தை ஆங்கிலேயர் ‘ப்ளூஸ்’ என்பர். அகராதிப்படி அது நீல நிறம்! ‘காரியங்கள் என் மேல் ஏறிக்கொள்கின்றன’ என்பது எடின்பரோ அளவுகோலில் உள்ள ஒரு வினாவின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ‘சமாளிக்க முடியாமல் திணறுகிறேன்’ என்பதே அதன் கருத்து. மறுபுறம், நம் ‘வயிற்றெரிச்சல்’ ஆங்கிலத்துக்குப் போனால் வெறும் வயிற்று நோயாகிவிடும்.

ஆகவே சில படிகளைக் கடக்க வேண்டும். முதலில் இரு மொழியும் அறிந்த ஒருவர் தமிழில் பெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இரு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிட்டால் பிழைகள் வெளிப்படும். இந்த எதிர்ப்பெயர்ப்பு முறையை ரிச்சர்டு பிரிஸ்லின் என்பார் 1970-இல் விளக்கினார்.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ‘மனச்சோர்வு’ என்ற சொல்லை எந்தப் படித்தவரிடம் கொடுத்தாலும் சரியான ஆங்கிலச் சொல்லைத் திருப்பித் தருவார். தேர்வில் நூற்றுக்கு நூறு! ஆயினும் ஆயாவுக்கு அச்சொல் போய்ச் சேரவில்லையே. மொழிபெயர்ப்பாளர் இருவரும் படித்தவர்கள். நோயாளி அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகையால் மூன்றாவது படி இன்றியமையாதது. ஊர் மக்கள் சிலரிடம் ஒவ்வொரு வினாவையும் வாசித்து, “இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன புரிந்தது?” என்று கேட்க வேண்டும்.

அப்போது எதிர்பாராத செய்திகள் வரும். 2001-இல் வெளியான 9 வினாப் பட்டியல் ஒன்று, செய்தித்தாள் படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் கவனம் நிற்கிறதா என்று கேட்கிறது. எழுத்தறியாத மீனவரிடம், ‘வலை பழுது பார்க்கையில் கண்ணி தவறுகிறதா?’ என்று கேட்டால் அதே பொருள் கிடைக்கும். பொது நல வினாப்பட்டியலின் விடைகளில் ‘வழக்கம்போல்’ என்பது ஒன்று. ஐந்து ஆண்டுகளாகத் தூக்கமின்றி இருப்பவர் ‘வழக்கம்போல்தான்’ என்றால் அவர் நலமாக இருப்பதாகக் கணக்காகிவிடும்!

இலக்கணமும் குறுக்கிடும். எபிரேய மொழியில் ‘நான் தூங்குகிறேன்’ என்பதை ஆண் ஒரு விதமாகவும் பெண் வேறு விதமாகவும் சொல்வர். எனவே அம்மொழியில் பட்டியல் தயாரிப்போர் இருபாலுக்கும் வழிசெய்ய வேண்டும். தமிழில் அத்தொல்லை இல்லை. ஆனால் ‘நீ’யா, ‘நீங்களா’ என்பது உண்டு. மரியாதை குறைந்தால் விடையும் சுருங்கிவிடும்.

எல்லைக்கோடு எங்கே?

சொற்கள் சரியாகிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் நம் சுழிப்பிழை வருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் பொது நல வினாப்பட்டியலின் 12 வினா வடிவத்தைத் தமிழில் சோதித்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்துக்கான சோதனை 2005-இல் வெளிவந்தது. தாய்மார் வினாக்களுக்கு விடையளிப்பர். அந்த மதிப்பெண்ணை அறியாத ஒருவர் அவர்களைத் தனியே நேர்கண்டு நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவர். திருகு அளவியைச் செந்தரக் கட்டையோடு சரிபார்ப்பது போன்றது இது.

பிரிட்டனில் எல்லைக்கோடு 12-க்கும் 13-க்கும் இடையே இருந்தது. தமிழிலோ அது 8-க்கும் 9-க்கும் இடையே அமைந்தது. பிரிட்டன் எல்லையையே இங்கும் வைத்திருந்தால் 9 முதல் 12 வரை பெற்ற தாய்மார், “உனக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பர்.

புதிய எல்லையில், நோயுள்ளோரில் 94.1 சதவீதத்தினரை அளவுகோல் கண்டுபிடித்தது, நோயற்றோரில் 90.2 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 1000 தாய்மாரில் 100 பேருக்கு நோய் என்று கொள்வோம். அவர்களில் 94 பேர் அகப்படுவர். 6 பேர் தப்பிவிடுவர். நோயற்ற 900 பேரில் 812 பேர் விலக்கப்படுவர். 88 பேர் வீணாகச் சிக்குவர். ஆக, எல்லையைத் தாண்டியவர் 182 பேர். அவர்களில் உண்மையாக நோயுள்ளோர் ஏறத்தாழப் பாதிப்பேரே! வினாப்பட்டியல் ஒரு சல்லடை மட்டுமே. தீர்ப்புக் கூறுவது மருத்துவரின் வேலை.

அலைக்குப் பின்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மாமல்லபுரம், கல்பாக்கம் உள்ளிட்ட நம் கடற்கரையைத் தாக்கியது. அதன் பிறகு தமிழகக் கடலோர மீனவ ஊர் ஒன்றில் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் எவ்வளவு என்று ஆராய்ந்தனர். பெரியவர்களில் 12.7 சதவீதத்தினருக்கு அது இருந்ததாக 2007-இல் அறிவித்தனர். அதற்குப் பயன்பட்டது ஹார்வர்டு அதிர்ச்சி வினாப்பட்டியல். அது கம்போடியா, லாவோஸ், வியட்நாம் அகதிகளுக்காக உருவாகி 1992-இல் வெளிவந்தது. போர், சிறை, பட்டினி என்று அதன் முதற்பகுதி கேட்கும். கடல் பொங்கி வந்து படகையும் பிள்ளையையும் கொண்டுபோன ஊரில் அவ்வினாக்களை அப்படியே கேட்டு என்ன பயன்? சொல் மட்டுமன்றி, நேர்ந்த துன்பமும் ஊருக்கு ஊர் வேறு.

இறுதியாக ஒன்று. இப்பட்டியல்கள் பலவற்றில், தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்ற வினா உண்டு. பெயர்ப்போர் கூச்சப்பட்டு அதை மழுப்பிவிடக் கூடாது. கேட்பதனாலேயே அவ்வெண்ணம் தோன்றிவிடும் என்பது தவறான அச்சம். ‘ஆம்’ என்று விடை வந்தால் கூட்டுத்தொகைக்குக் காத்திராமல் அன்றே உதவி தேட வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ சேவை எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

என் மாணவி மறுவாரம் ஆயாவிடம் தாள் எதுவும் இன்றிக் கேட்டாள்: “ஆயா, நெஞ்சுல கல்லு இன்னும் இருக்குதா?” அவர் அழத் தொடங்கினார். மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் சென்றனர். மருந்து தொடர்கிறது. இப்போது ஆயா இரவில் தூங்குகிறாராம்.