உப்புநீரில் இறுகிய படகு மோட்டார்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரையோரங்களைத் தாக்கியபோது, மனித உயிர்களோடு மீனவர்களின் படகுகளும் பலியாயின. பேரலை வந்தால்தான் படகு மூழ்கும் என்பதில்லை. கனமழையில் நீர் நிரம்பிச் சாயும் படகும், ஆற்றுமுகத்து மணல்திட்டில் கவிழும் படகும் நம் கரைகளில் புதியவையல்ல. உடைந்த பலகையை மாற்றிவிடலாம். பின்புறத்தில் தொங்கும் அவுட்போர்ட் மோட்டார் இறுகிப்போனால் என்ன செய்வது? மலாய் மீனவர்கள் இதை ‘எஞ்சின் சங்குட்’, அதாவது மாட்டித் தொங்கவிடும் இயந்திரம் என்பார்கள். சிறுபடகு வைத்திருக்கும் குடும்பத்திற்குப் பெரும்பாலும் அதுவே மிக விலையுயர்ந்த உடைமை.

இப்படி இறுகிய மோட்டார்கள் எல்லாம் செத்துப்போனவை அல்ல. பொறுமையாகச் சோதித்தால் சில பிழைக்கும். ஆனால் பிழைக்க வேண்டியவற்றையும் அவசரத்தில் கயிற்றை இழுத்துக் கொன்றுவிடுகிறோம். எனவே காரணத்தை முதலில் பார்ப்போம்.

இறுகுவது ஏன்?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதியியல் வினை என்பதால், உப்புநீரில் அது விரைந்து நடக்கிறது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் உப்பிலுள்ள குளோரைடு அரித்துவிடுகிறது.

மோட்டாரின் உடற்பகுதி அலுமினியம். பெரும்பாலானவற்றில் சிலிண்டரின் உட்சுவரும் பிஸ்டன் வளையங்களும் இரும்பு அல்லது எஃகு. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளியில் வழுக்கி ஓட வேண்டிய வளையமும் சுவரும் இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

துருவுக்கு நீரோடு ஆக்சிஜனும் வேண்டும். மூழ்கிக் கிடக்கும் மோட்டார் மெல்லத்தான் கெடுகிறது. கரையேற்றி, ஈரத்தோடு காற்றுப்பட வைத்த பிறகே கேடு வேகமெடுக்கிறது. ஆகவே, தூக்கியெடுத்த உடனே கவனிக்க இயலாவிட்டால், அதை நன்னீர்த் தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி வைக்கச் சொல்வார்கள் அனுபவமுள்ள மெக்கானிக்குகள். நனைந்ததை மீண்டும் நனைப்பதா என்று தோன்றலாம். நன்னீர் உப்பைக் கரைக்கும், காற்றையும் தடுக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மூழ்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? ஓடிக்கொண்டிருந்தால் அது நீரை உள்ளே இழுத்திருக்கும். காற்றை அழுத்திச் சுருக்கலாம்; நீரை அப்படிச் சுருக்க முடியாது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்திருக்கக்கூடும். மணலும் உள்ளே போயிருக்கலாம். இவ்விரண்டில் எதை ஐயுற்றாலும் சுழற்றிப் பார்க்கவே கூடாது. பிரித்துப் பார்ப்பதே வழி. நின்றிருந்த மோட்டார் என்றால், கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்கலாம்.

படிப்படியாகச் சோதித்தல்

1. பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். அருகில் பெட்ரோல் ஆவி தேங்காதபடி காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

2. ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, அவற்றின் கம்பிகளை மோட்டாரின் உலோகப் பகுதியோடு இணைத்து வையுங்கள். பிறகு ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். பெரும்பாலான மோட்டார்களில் மேலிருந்து பார்க்கையில் கடிகாரம் சுற்றும் திசையே சரியான திசை. பிளக் துளைகளிலிருந்து நீர் பீய்ச்சி, சக்கரம் சுழன்றுவிட்டால் மோட்டார் இறுகவே இல்லை. உள்ளே நின்ற நீர்தான் தடுத்தது.

3. சுழலவில்லையா? இழுகயிற்றின் சுருள் அமைப்பைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பல்சக்கரம் ஃபிளைவீலின் பற்களில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். துரு இவற்றில் மட்டும் இருந்தால் வேலை எளிதில் முடியும்.

4. அடுத்து, அடிப்பகுதியிலுள்ள கியர்பெட்டி. நியூட்ரலில் புரொப்பெல்லர் விடுபட்டாலும், மோட்டாரிலிருந்து கீழே இறங்கும் நெடுந்தண்டு விடுபடுவதில்லை. அத்தண்டின் பேரிங்கோ தண்ணீர்ப் பம்போ இறுகினால் மேலே எல்லாம் நன்றாக இருந்தும் ஃபிளைவீல் அசையாது. கியர் இணைப்புக் கம்பியை விடுவித்து, கியர்பெட்டியைக் கழற்றிய பின் மீண்டும் சுழற்றுங்கள். இப்போது சுழன்றால் நோய் கீழே; சுழலாவிட்டால் மேலே. இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் சிலிண்டரைத் திறக்கும் செலவை மிச்சப்படுத்தும்.

5. நோய் மேலேதான் என்று உறுதியானால், துருவில் ஊடுருவும் எண்ணெயைப் பிளக் துளைகள் வழியே ஊற்றுங்கள். தானியங்கிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஊற்றுவோரும் உண்டு. அக்கலவை எளிதில் தீப்பற்றும். ஒரு நாள் ஊறட்டும். அசையாவிட்டால் மீண்டும் ஊற்றி, இன்னும் சில நாள் விடுங்கள்.

6. பிறகு ஃபிளைவீல் நட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். பின்பக்கம் அழுத்தினால் நட்டு கழன்றுவிடக்கூடும், எச்சரிக்கை. ஓர் அங்குலம் அசைந்தாலும் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விடுங்கள். சுத்தியல், ஸ்டார்ட்டர் மோட்டார், உடல்பலம் மூன்றும் இங்கு வேண்டாம். ஒட்டிக்கொண்ட வளையம் உடைந்தால் அதன் துண்டு சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

சுழன்றதும் ஓட்டலாமா?

கூடாது. சக்கரம் சுழல்வது பாதி வெற்றிதான். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் கிராங்க் தண்டின் பேரிங்குகள் இருக்கும் அறைக்குள்தான் எரிபொருள் கலவை முதலில் நுழைகிறது. அதே வழியில் உப்புநீரும் சென்று அங்கே தங்கியிருக்கும். பேரிங்கில் துருக்குழிகள் விழுந்திருந்தால், மோட்டார் சிலகாலம் ஓடி, பிறகு நடுக்கடலில் நின்றுபோகும். கரையில் நின்ற மோட்டார் பண நட்டம்; கடலில் நின்ற மோட்டார் உயிராபத்து.

ஆகவே நன்னீரால் கழுவி வடித்து, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, பழைய பெட்ரோலை முழுதும் அகற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் என்றால், எண்ணெயில் பால்நிறம் மறையும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்இணைப்புகளையும் நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டாலோ, சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தாலோ பட்டறையில் கொடுத்துப் பிரிப்பதே அறிவுடைமை. எல்லாம் சரியாக இருந்தால், குளிர்நீர் இணைப்போடு அரைமணி நேரமாவது ஓடவிட்டு உள்ளீரத்தைப் போக்குங்கள்.

மூழ்காமலும் இறுகும்

மூழ்காத மோட்டாரையும் உப்பு விடுவதில்லை. கடல்நீரையே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் இயந்திரம் இது. நிறுத்தியபின் உள்ளே மிஞ்சிய நீர் சூட்டில் ஆவியாக, உப்பு படிந்து குளிர்நீர்ப் பாதையை அடைக்கிறது. ஒருநாள் சூடேறிப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஓடும் மோட்டாரின் பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை மெலிந்தால் அதுவே முன்னெச்சரிக்கை. உடனே நிறுத்திவிட வேண்டும்.

தடுக்கும் வழி எளிது. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் சுமார் பத்து நிமிடம் நன்னீரால் உட்பாதையைக் கழுவ வேண்டும். மோட்டாரில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தானே அரிபடுவதற்காக வைக்கப்பட்டது. அதற்குச் சாயம் பூசக்கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

வேதியியல் வகுப்பில் துருவின் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் பலர். அதே சமன்பாடு ஒரு மீனவர் வீட்டின் அடுத்த மாத வருமானத்தையும் தீர்மானிக்கிறது. தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் மூழ்கியதாகக் கேள்விப்பட்டால், கயிற்றை இழுக்க வேண்டாம் என்றும், நன்னீரில் போட்டு வையுங்கள் என்றும் முதலில் சொல்லுங்கள். மற்றவற்றை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.