ஒரு கட்டைவிரலின் கணக்கு

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் சந்துக்குச் சந்து பட்டறைகள். ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு, ஜாப் ஒர்க் எடுத்து, பம்புக்கான உதிரிபாகங்களைச் செய்து தருகிறார்கள். பவர் பிரஸ்ஸில் தகட்டை டையின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் விரல் போய்விடும்.

"நம்ம பையனுக்கு ஒண்ணுன்னா நான் பாத்துக்க மாட்டேனா?" என்பார்கள் முதலாளிகள். மனதாரச் சொல்வதுதான். ஆனால், எவ்வளவு தூரம் பார்த்துக்கொள்ள முடியும்?

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளி கட்டைவிரலை முழுதாக இழந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப் பட்டியல்படி அது 30 சதவீத ஊனம். ஊதியத்தில் 60 சதவீதம் 9,000. அதை 30 வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் முதலாளி தரவேண்டிய இழப்பீடு 5,61,546 ரூபாய். அதே தொழிலாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்கத் தவறினால் 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். "அவன்தான் கவனிக்காமல் கையை விட்டான்" என்ற வாதம் எடுபடாது.

1923-இல் பிறந்த இந்தச் சட்டக் கடமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் தொடர்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. கழகமே பொறுப்பேற்கும். அதற்குள் வராத சிறு பட்டறையில் முழுச் சுமையும் முதலாளி தலையில்தான்.

அந்தச் சுமையை இறக்கிவைக்கத்தான் டபிள்யூ.சி. பாலிசி என்னும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்தக் கூலியையும் தொழிலின் ஆபத்தையும் பார்த்து பிரீமியம் போடுகிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எட்டுப் பேர் வேலை செய்ய நான்கு பேரைக் காட்டுகிறார்கள். 15,000 ரூபாய் கூலியை 8,000 என்று எழுதுகிறார்கள். விபத்து நடந்ததும் அந்த வித்தியாசம் முதலாளியிடமே திரும்பி வருகிறது. கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள் பட்டறை வேலையில் அடிபட்டாலும் பட்டறை முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். அந்த ஆளையும் பாலிசியில் சேர்க்க வேண்டும். மருத்துவச் செலவு அடங்குமா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சட்ட அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது.

மரணம் நேர்ந்தால், வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வது தீர்வாகாது. இழப்பீட்டுத் தொகையை உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும்.

போன விரலைப் பாலிசி திருப்பித் தராது. அதனால் பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புத் தடுப்பு போடுவதுதான் முதல் வேலை, பாலிசி அடுத்தது. முதலாளிகளே, இன்று மாலை மெஷினை நிறுத்தியதும் வருகைப் பதிவேட்டையும் பாலிசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆள் கணக்கு ஒன்றாக இருக்கட்டும்.