தீப்பெட்டியிலும் பாஸ்பரஸ், தசையிலும் பாஸ்பரஸ்: சுப்பாராவ் கண்டுபிடித்தது என்ன?

சிவகாசியில் தயாரான தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுங்கள். குச்சியை உரசும் அந்தப் பக்கவாட்டுப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சி முனையில் அது கிடையாது. அங்கே பொட்டாசியம் குளோரேட், கந்தகம் மாதிரி சமாச்சாரங்கள். ரெண்டும் உரசினால்தான் தீ. சின்ன வயசில் தீபாவளித் துப்பாக்கியில் சுட்டுத் தள்ளிய ரோல் கேப்பிலும் இதே சிவப்பு பாஸ்பரஸ்தான்.

இப்போது குச்சியைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். விரல், மணிக்கட்டு, முன்கை என்று அத்தனை தசைகளும் சேர்ந்து இழுத்தால்தான் அந்த ஒரு உரசல். அந்த இழுப்புக்கு ஆற்றல் கொடுப்பதும் பாஸ்பரஸ் கோத்த ஒரு மூலக்கூறுதான். பெயர் அடினோசின் ட்ரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. பயாலஜி பாடத்தில் 'செல்லின் ஆற்றல் நாணயம்' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

அதைத் தசையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர் என்பதை மட்டும் அந்தப் பாடத்தில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவர் யெல்லப்பிரகட சுப்பாராவ்.

1922: இரண்டு பயணங்கள்

அந்த ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்குக் கிளம்பினார்கள். சில மாதங்கள் அங்கே தங்கிக் கற்றுக்கொண்டு, 1923-ல் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். வானம் பார்த்த அந்தக் கந்தக பூமியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் என்று இன்று நிற்கும் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பயணம்.

அதே 1922 அக்டோபரில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். இரண்டு பயணங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், இரண்டுமே கடைசியில் பாஸ்பரஸில் போய் முடிந்தன.

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில். இன்றைக்கு அது ஆந்திரா. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முயற்சியில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் உடுத்திப் போக, ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடத் தாழ்வான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது.

இதற்கிடையில் வீட்டில் பெரிய இழப்பு. 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயில் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். இந்த நோயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் கொடுத்த பணத்தில் கப்பலேறியவர், இந்தியா திரும்பவே இல்லை. மனைவி காத்திருந்தார். அறிவியல் சாதனைக் கதைகளில் இந்த வரியை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

நீலம் ஏன் லேட்டாக வந்தது?

பாஸ்டனில் முதல் வேலை, மருத்துவமனையில் இரவு நேரத்தில் பெட்பேன் கழுவுவது. பிறகு ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். ஃபிஸ்கேவுக்குத் தேவைப்பட்டது, ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று துல்லியமாக அளக்க ஒரு வழி. (ஒரு கொசுறு: 1669-ல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸைக் கண்டுபிடித்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான்.)

1925-ல் இருவரும் அந்த முறையை வெளியிட்டார்கள். ஐடியா ரொம்ப எளிமை. மாதிரியில் மாலிப்டேட் கலந்த கரைசலையும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு அதிகம். 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்று உலகம் முழுக்கப் பயோகெமிஸ்ட்ரி லேப்களில் பல தலைமுறை மாணவர்கள் செய்து பார்த்தது இதைத்தான்.

உண்மையான திருப்பம் அடுத்து வந்தது. இதே சோதனையைத் தசைச் சாறில் செய்தபோது நீலம் சட்டென்று வரவில்லை. மெதுவாக, நேரம் போகப் போக ஏறியது. வேறு யாராவது என்றால் கெமிக்கல் சரியில்லை என்று விட்டிருப்பார்கள். இவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: தசைக்குள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, அமிலத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக உடைய உடைய, பாஸ்பேட் வெளியே வருகிறது.

அந்தப் பொருள் பாஸ்போகிரியேட்டின். 1927-ல் அறிவித்தார்கள். தசையைத் தூண்டி வேலை செய்ய வைத்தால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மீண்டும் உருவாகிறது என்றும் காட்டினார்கள். அதே சமயத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் இதே பொருளை எட்டியிருந்தார்கள். 1929-ல் அடுத்தது: ஏடிபி. ஜெர்மனியில் கார்ல் லோமானும், ஹார்வர்டில் ஃபிஸ்கே–சுப்பாராவும் சில மாத இடைவெளியில் தனித்தனியாக வெளியிட்டார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்?

தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது அன்றைய நம்பிக்கை. தசை ஆராய்ச்சிக்காக ஆர்ச்சிபால்ட் ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹாஃபுக்கும் 1922-ம் ஆண்டின் நோபலே கிடைத்திருந்தது. 1930-ல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகவே விடாமல் தடுத்தாலும் தசை சுருங்குவதைக் காட்டினார். செலவானது பாஸ்போகிரியேட்டின். பழைய கோட்பாடு சாய்ந்தது. 1932-ல் ஹில்லே இதைத் தசையியலில் நடந்த புரட்சி என்று எழுதினார். தன் கொள்கை விழுந்ததைத் தானே எழுதிய அவருக்கும் ஒரு சபாஷ் போடலாம்.

இன்றைக்குத் தெரிந்த கணக்கு இது. தசையில் தயாராக இருக்கும் ஏடிபி, முழு வேகத்தில் ஓடினால் ஓரிரு நொடிக்குத்தான் தாங்கும். உடனே பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை மறுபடி உருவாக்கும். அதுவும் சுமார் பத்து நொடிதான். நூறு மீட்டர் ஓட்டம் ஏறக்குறைய இதில் முடிந்துவிடும். அதற்கு மேல் குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று மற்ற வழிகள்.

ஏடிபி சுருங்குவதற்கு மட்டுமல்ல, விடுவதற்கும் வேண்டும். தசையில் மயோசின் இழை ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது. புது ஏடிபி வந்து ஒட்டினால்தான் பிடியை விடும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனால்தான். ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடி விடவில்லை.

ஜிம்மில் ஷேக்கரில் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டின் பவுடர் இந்தப் பாஸ்போகிரியேட்டின் இருப்பைக் கொஞ்சம் கூட்டத்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கிட்னிக்காகப் பார்க்கும் 'கிரியேட்டினின்' இதே பொருள் தசையில் சிதைந்து வரும் கழிவு. பவுடர் எடுப்பவர்களுக்கு அந்த எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தசையைத் தாண்டியும் ஏடிபிக்கு வேலை இருக்கிறது. மின்மினி ஒளிரவும் அது வேண்டும். மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ சங்கிலி கோக்கப்படும் நான்கு மணிகளில் ஒன்றும் அதுதான்.

பெயர் எங்கே போனது?

1930-ல் ஹார்வர்டில் பிஎச்.டி. வாங்கினார். நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. அதே ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் (1988-ல் நோபல் பெற்றவர்) பின்னாளில் சொன்னது இன்னும் கசப்பு: சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளை மற்றவர்கள் பல ஆண்டு கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஃபிஸ்கே பொறாமையால் அவற்றை வெளியே வரவிடவில்லை போலிருக்கிறது என்றார் அவர். ஃபிஸ்கேவின் பதில் நம்மிடம் இல்லை. ஆனால், சுப்பாராவும் தன் பெயருக்காகச் சண்டை போடுகிற ஆள் இல்லை. பேட்டி, மேடை, பாராட்டு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கியே இருந்தவர். அடக்கம் நல்ல குணம்தான். ஆய்வுலகில் அதன் விலை எவ்வளவு என்பதற்கு இவர் ஓர் உதாரணம்.

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு செய்ததைச் சொல்லவே இன்னொரு கட்டுரை வேண்டும். 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தானது, அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய். ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. கீமோதெரபியின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று அது. யானைக்கால் ஒழிப்பு முகாம்களில் வீடு வீடாகக் கொடுக்கும் டிஇசி மாத்திரையும் அந்த லெடர்லே ஆய்வகத்தில் பிறந்ததுதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் தூக்கத்திலேயே இறந்தார். நோபல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. ஒரு பூஞ்சைக்கு 'சுப்பாரோமைசிஸ்' என்று அவர் பெயரை வைத்தார்கள். இந்திய அஞ்சல் துறை 1995-ல் தபால் தலை வெளியிட்டது.

அய்ய நாடார் பெயரில் சிவகாசியில் கல்லூரி இருக்கிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட தேதி 2022 ஜனவரி 12. சுப்பாராவின் பிறந்தநாள். தற்செயல்தான், யாரும் பார்த்து வைத்ததில்லை. முதலாண்டு மாணவர்கள் பயோகெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் 'ஃபிஸ்கே–சுப்பாராவ்' என்று எழுதும்போது பலர் அதை ஒரே வெளிநாட்டுப் பெயராகத்தான் படித்துவிட்டுப் போகிறார்கள்.