கடல் கடவாமல் கற்ற ஜப்பானியம்

ஒரு மொழியை நன்கு கற்க, அது வழங்கும் நாட்டில் வாழ்தல் வேண்டும் என்பர். ஆங்கில அறிஞர் ஆர்தர் வேலி (1889–1966) இதற்கு ஒரு விலக்கு. 1913இல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியேற்ற அவர், ஆங்கிருந்த கீழ்த்திசை ஓவியங்களைப் பட்டியலிடும் பொருட்டுச் சீனமும் ஜப்பானியமும் தாமே கற்றார்.

1919இல் ஜப்பானியப் பாடல்களை மூலம், பொருள், இலக்கணக் குறிப்பு ஆகியவற்றுடன் வெளியிட்டார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் முராசாகி ஷிகிபு என்னும் பெண்மணி இயற்றிய 'கென்ஜி கதை'யை 1925 முதல் 1933 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கிலத்தில் தந்தார். ஆயினும், ஜப்பானுக்கு அவர் ஒருமுறையேனும் சென்றாரல்லர்.

அவர் பணியில் குறையும் உண்டு. ஓர் இயலை அறவே விட்டுவிட்டார். ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த எட்வர்டு சைடன்ஸ்டிக்கரின் முழுமையான மொழிபெயர்ப்பு 1976இல் வெளிவந்தது. அவ்வறிஞரைக் கென்ஜியின்பால் ஈர்த்ததோ வேலியின் நூலே!

ஆர்வம் உண்டாயின் நூல்வழியே இலக்கிய மொழி கைவரும். பேச்சுமொழியோ, மக்களொடு பழகினாலன்றி வாய்ப்பதரிது.